ஆவாரை பூத்த ஊரில் என் மகள்

பள்ளிப் பேருந்து ஓட்டியே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். என் வண்டியில் தூங்கிப்போன பிள்ளைகளை அவரவர் வீட்டு வாசலில் தட்டி எழுப்பி இறக்கிவிட்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவன் சென்னையில் ஏறிய பேருந்தில் வாயைப் பிளந்து தூங்கி, ஆம்பூரைக் கோட்டைவிட்டு வாணியம்பாடியில் போய் இறங்கினேன் என்றால் மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கைப்பட்டாணியில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நடத்துநருக்கு என்மேல் ஏகக் கடுப்பு.

“ஆம்பூரு, ஆம்பூருன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்தினேன் பெரியவரே. நீங்க எங்க எழுந்தீங்க? எறங்கி எதிர்த்தாப்புல போற பஸ்ஸப் புடிங்க.”

நான் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. மகள் மாலினிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் அவளைத் தலைப்பிரசவத்துக்கு மலேசியாவுக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்துப்போக வந்தேன். முறைப்படி என் மனைவி சரஸ் வந்திருக்க வேண்டும். அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், ஒன்றுவிட்டு ஒருநாள் டயாலிசிஸ். மருத்துவமனையைவிட்டு அதிக தூரம் நகர முடியாது. நான் கிளம்பும்போது இரண்டு உத்தரவு போட்டாள். “பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வாங்க. வரும்போது ஆவாரம்பூ கொண்டாங்க.” பூ எதற்கென்றால், பேரக்குழந்தையின் குளியல் பொடிக்கு. பயற்றம்பருப்போடு சேர்த்து அரைத்துக் குளிப்பாட்டினால் தோல் பளபளவென்று இருக்குமாம். குழந்தையைத் தானே காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. இப்போதெல்லாம் அவள் வேறு எதற்கும் ஆசைப்படுவதில்லை.

மருமகன் குமரேசன் பினாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவன். அங்கேதான் மாலினியைப் பார்த்தான், பிடித்துப்போனது, நாங்களும் கட்டிவைத்தோம். அவனுடைய வேலை அனுமதி முடிந்ததும் ஆம்பூருக்குத் திரும்பி, ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தான். மாலினியும் அவனோடு வந்துவிட்டாள். அதன்பிறகு அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தினமும் தொலைபேசியில் பேசுவாள், எப்போது வருகிறாய் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவாள்.

ஆம்பூர் பேருந்து நிறுத்தத்தில் குமரேசன் பைக்கோடு காத்திருந்தான். ஓட்டுநரான நானே தூங்கிப்போன கதையைக் கேட்டு அவன் சிரிக்கவில்லை, மரியாதைக்காரன். வீட்டில் மாலினிதான் சிரித்தாள். பெரிய வயிற்றோடு வாசலுக்கு வந்து, “இன்னாப்பா, பஸ் டிரைவரே பஸ்ஸுல தூங்கலாமா?” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் ‘இன்னா’ சொல்லி நான் கேட்டதே இல்லை. கை கொஞ்சம் கறுத்திருந்தது, முகம் கொஞ்சம் பூசியிருந்தது, பேச்சு இந்த ஊராகவே மாறியிருந்தது. என் மகளை இன்னொருவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து பார்க்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

வாசல் நிலையில் பொங்கலுக்குக் கட்டிய கொத்து காய்ந்து தொங்கியது. வேப்பிலையும் பூளைப்பூவும் தெரிந்தன. கூடவே சுருங்கிய மஞ்சள் பூ ஒன்று. இது என்ன பூ என்று கேட்டேன்.

மாலினி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “ஆவாரம்பூப்பா.”

“இதுவா ஆவாரம்பூ?”

இந்த இடத்தில் எங்கள் குடும்பத்தின் மானக்கேட்டைச் சொல்லியாக வேண்டும். சுங்கைப்பட்டாணியில் எங்கள் தோட்டத்து வாய்க்கால் ஓரம் ஒரு செடி மண்டிக்கிடக்கும். இலை பெரிது. பூ மஞ்சளாக, மெழுகுவத்தி போல நட்டுக்கொண்டு நிற்கும். மலாய்க்காரர்கள் அதைக் கெலெங்காங் என்பார்கள், தோலில் வரும் படைக்கு, அதாவது படர்தாமரைக்கு, அரைத்துப் பூசுவார்கள். நாங்கள் பரம்பரையாக அதைத்தான் ஆவாரை என்று பொங்கலுக்குக் கட்டிவந்தோம். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்கள், ஆவாரை கிடைக்காத ஊரில் கண்ணில் பட்ட மஞ்சள் பூவை அதன் இடத்தில் வைத்துப் பொங்கல் கொண்டாடியிருப்பார்கள். அவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும். பின்னால் வந்த எங்களுக்குத் தெரியாது.

அன்று மாலை சரசை வீடியோவில் அழைத்து, கொத்தைக் காட்டினேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“அப்ப நான் மாலினிய எந்தப் பூவுல குளிப்பாட்டினேன்?”

“படைக்குப் போடுற பூவுலதான்மா!” என்று மாலினி பின்னாலிருந்து கத்தினாள். அங்கே சரஸ் சிரிக்க, இங்கே மாலினி சிரிக்க, சம்பந்தியம்மாள் என்னவென்று புரியாமலே சிரித்தார். அதனால்தான் பிள்ளைக்கு இத்தனை வருஷமும் ஒரு படைகூட வந்ததில்லை என்று சரஸ் தன் கட்சியை நியாயப்படுத்தினாள். பிறகு, “நிஜப் பூவாவே கொண்டாங்க. என் பேரப்பிள்ளைக்காவது சரியாச் செய்யணும்” என்றாள். மாலினி சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனாள்.

மறுநாள் சம்பந்தி வேலாயுதம் என்னை பிரியாணிக்கு அழைத்துப் போனார். மதியம்கூட ஆகவில்லை, கடையில் உட்கார இடமில்லை. சீரகச் சம்பா அரிசி, பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கு, வெங்காயம் போட்ட தயிர். எங்கள் ஊர் நாசி கண்டாரில் சோறே தெரியாமல் நாலைந்து குழம்பை ஊற்றித் தருவார்கள். இங்கே குழம்புக்கு வேலையே இல்லை, சோற்றிலேயே எல்லாம் ஏறியிருக்கிறது. நாசி கண்டாரை விட்டுக்கொடுக்க மனமில்லை, ஆனாலும் இரண்டாம் தட்டு வாங்கினேன்.

திரும்பும் வழியில் தோல் வாடை அடித்தது. சம்பந்தி என் முகத்தைக் கவனித்தார். மூக்கைப் பொத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பார். ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனை எந்த வாடையும் அசைக்காது. அதைச் சொன்னதும் மனிதர் குளிர்ந்துபோனார். பல வருஷம் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தவர். ஆவாரம்பூவைப் பற்றிக் கேட்டேன்.

“பூவா? எங்களுக்கு அது பட்டை சம்பந்தி. அந்தக் காலத்துல கட்டுக்கட்டா வந்து எறங்கும். இடிச்சுத் தொட்டியில ஊறப்போட்டு, அந்தத் தண்ணியிலதான் தோலு பதமாவும். பூவை எவன் பாத்தான்? இப்ப எல்லாம் பவுடரு. வேலையும் கம்மி, பேஜாரும் கம்மி.”

பல வருஷம் ஆவாரையோடு வாழ்ந்தவர் பூவைப் பார்க்கவில்லை. நாங்கள் செடியையே பார்க்கவில்லை. இரண்டு பேரும் சம்பந்திகளானது பொருத்தம்தான்.

ஆனால் நான் அவரிடம் பேச நினைத்தது பட்டையைப் பற்றி அல்ல. வந்ததிலிருந்து மாலினி துணி எடுத்துவைப்பதாகவே தெரியவில்லை. பெட்டி எங்கே என்றால், பார்க்கலாம்ப்பா என்கிறாள். இந்த வீட்டில் யாரோ அவளைத் தடுக்கிறார்கள் என்று எனக்குள் முன்பே இருந்த பொறி இப்போது பற்றிக்கொண்டது. கல்யாணமாகி இத்தனை நாளில் ஒருமுறைகூட அனுப்பாதவர்கள் பிரசவத்துக்கு மட்டும் அனுப்பிவிடுவார்களா? சண்டை போடுவதற்கான வசனங்களை விமானத்திலேயே தயார் செய்துவைத்திருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

“மாலினியைக் கூட்டிப்போறதுல உங்களுக்கு ஏதாச்சும்…”

“அட, நல்லதாப்போச்சு, ஞாபகப்படுத்தினீங்க” என்று சம்பந்தி பைக்கை நிறுத்தினார். பயணப் பெட்டிகள் விற்கும் கடை வாசல். அவர் முன்பே சொல்லிவைத்திருந்த பெரிய நீலப் பெட்டியைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். “சக்கரம் வெச்சது. புள்ளத்தாச்சி தூக்கக் கூடாதுல்ல? தலைப்பிரசவம் அம்மா வூட்டுலதான். நாங்க தடுப்போமா?”

நான் தயார் செய்த வசனங்கள் எல்லாம் வீணாகிப்போயின. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பைக்கின் பின்னால் வந்தேன். மாலினி அதைப் பார்த்து, “எதுக்கு மாமா செலவு?” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள், மாலினி விமானம் ஏறலாமா என்று கேட்க, குமரேசனும் நாங்களும் காரில் வேலூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். வழியெல்லாம் என் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. எங்கள் ஊரில் ஹாரன் அடித்தால் சண்டைக்குக் கூப்பிடுகிறான் என்று பொருள். இங்கே அடிக்காவிட்டால்தான் சண்டை. பாலாற்றைக் காட்டினான் குமரேசன், நான் மணலைப் பார்த்துவிட்டு ஆறு எங்கே என்றேன். அவனும் அதைத்தான் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னான். முதன்முறையாக அவன் ஒரு நகைச்சுவை சொன்னான்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, “தாராளமாப் போலாம். குழந்தை நல்லா இருக்கு. ஒண்ணும் பயமில்ல” என்றார். என் சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. வெளியே வந்ததும் சரசுக்கு அழைத்துச் சொன்னேன். அவள் அன்று டயாலிசிஸ் படுக்கையில் இருந்தாள். பக்கத்துப் படுக்கைச் சீனப் பெண்ணிடம் மலாயில், என் மகள் வருகிறாள், என் மகள் வருகிறாள் என்று அவள் சொல்வது எனக்கும் கேட்டது, பக்கத்தில் நின்ற மாலினிக்கும் கேட்டது. மாலினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலிக்கிற அளவுக்கு இருந்தது. நான் அதையும் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. அது பெண்கள் ராஜ்ஜியம். ஆண்கள் சோறு பரிமாறத்தான் லாயக்கு. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று வாளி தூக்கினேன். பெண்ணின் அம்மா வரவில்லையா என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். முதல் வளையலை அம்மாதான் போட வேண்டும். சம்பந்தியம்மாள் போனை எடுத்து, சரசை வீடியோவில் வரவழைத்து, என்னிடம் கொடுத்து மாலினியின் முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். அங்கே சரஸ் ஒரு பச்சைக் கண்ணாடி வளையலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் அதைத் திரையை நோக்கி நீட்ட, இங்கே சம்பந்தியம்மாள் அதே நேரத்தில் மாலினியின் கையில் ஒன்றைப் போட்டார். குலவைச் சத்தத்தில் சரஸ் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. மாலினி மணையில் உட்கார்ந்தபடி தேம்பினாள். எல்லாப் பெண்களும் அழுவதுதானே என்றார்கள்.

பயணத்துக்கு முதல் நாள், பேரணாம்பட்டில் சம்பந்தியம்மாளின் தங்கை வீட்டில் விருந்து. பிள்ளைத்தாச்சிக்கு விருந்து வைத்து அனுப்புவது இங்கே முறை. மற்றவர்கள் முன்னால் பேருந்தில் போக, நானும் மாலினியும் ஆட்டோவில் மெதுவாகப் போனோம். பாதி வழியில், மலை ஓரமாக, பின்சக்கரம் காற்றிறங்கி உட்கார்ந்துவிட்டது. ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. நான் ஓட்டுநரை முறைத்தேன். அவன் என்னைவிட ஆச்சரியத்தோடு அந்த டயரை முறைத்தான்.

“தோ வந்துட்றேன் சார், பஞ்சரு போட்டுக்கினு” என்று சக்கரத்தோடு ஒரு பால்காரரின் பைக்கில் தொற்றிக்கொண்டு போய்விட்டான்.

மாலினியை மதகுக் கட்டையில், புளியமர நிழலில் உட்காரவைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. சரிவு முழுக்க மஞ்சள். ஆள் உயரச் செடிகள். கல்லும் சரளையுமான மண்ணில், தண்ணீர் ஊற்ற நாதியில்லாத இடத்தில், கொத்துக்கொத்தாகப் பூத்துக்கிடந்தது ஆவாரை. காய்ந்த கொத்தில் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆட்டு மந்தை ஒன்று கடந்துபோனது, ஆடுகள் அதைச் சீண்டவில்லை. நான் துண்டை விரித்து, சிறுபிள்ளை மாதிரி பூப் பறிக்க ஆரம்பித்தேன். சரசுக்குக் காட்டப் படமும் எடுத்தேன்.

“அப்பா, போதும். இங்க வந்து உக்காருங்க” என்றாள் மாலினி. பேச்சில் இந்த ஊர் போய் எங்கள் வீடு வந்திருந்தது. நான் போய் உட்கார்ந்தேன்.

“நான் வரலப்பா.”

ஏதாவது வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். குமரேசன் ஏதாவது சொன்னானா? இல்லை. அப்புறம் என்ன என்று குரலை உயர்த்தினேன். டாக்டரே போகலாம் என்கிறார், சம்பந்தி பெட்டியே வாங்கிவிட்டார், அங்கே உன் அம்மா ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள், விளையாடுகிறாயா என்றேன். அவள் கத்தவில்லை.

“அங்க வந்தா நான் திரும்பி வர மாட்டேன்ப்பா. எனக்கு என்னைத் தெரியும். அம்மாவை அப்படிப் பார்த்துட்டு, கையில பிள்ளையோட எப்படிப்பா பிளேன் ஏறுவேன்? இன்னும் ஒரு மாசம், இன்னும் ஒரு மாசம்னு அங்கேயே இருந்துடுவேன். குமரேசனால அங்க வந்து தங்க முடியாது. பிள்ளைக்கு அப்பா வேணும்.”

“அப்போ அம்மா வேணாமா?” இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

“வேணும்னுதானே இத்தனை வருஷமா வராம இருக்கேன்.” இப்போது அழுதாள். “காலையில எழுந்ததும் உங்க பஸ் ஸ்டார்ட் ஆகுற சத்தம் கேக்குற மாதிரி இருக்கும்ப்பா. ஒரு தடவ வந்தாப் போதும், நான் முடிஞ்சேன். இந்த ஊரு எனக்குப் பிடிக்குது. மாமா, அத்தை, எல்லாரும் நல்லா வெச்சிருக்காங்க. ஆனா அதுக்காக வீட்டு ஆசை போயிடுமா?”

அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. அப்படியே குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் போலவும் இருந்தது. அவள் சொன்னது சரி என்றும் தெரிந்தது. அதுதான் மிகவும் வலித்தது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பீடி இலை மூட்டை ஏற்றிய வண்டியில் போன ஒருவர், அழுகிற பிள்ளைத்தாச்சியையும் பக்கத்தில் பூ மூட்டையோடு உட்கார்ந்திருந்த கிழவனையும் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

“இன்னா பெரியவரே, வலி வந்துட்ச்சா? ஏத்திக்கினு போவட்டுமா?”

“இல்லப்பா, டயர் பஞ்சர்” என்றேன். மாலினி அழுகையோடு சிரித்துவிட்டாள். நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

“குமரேசனுக்குத் தெரியுமா?”

“என் இஷ்டம்னு சொல்லிட்டார். அம்மாகிட்ட நீங்க சொல்லுங்கப்பா. நான் சொன்னா அம்மா ஒரு தடவ வான்னு சொல்வாங்க. நான் வந்துடுவேன்.”

பேரணாம்பட்டு விருந்தில் கோழியும் ஆட்டுக்கறியும் இருந்தன. என்ன ருசி என்று கேட்டால் தெரியாது.

ஆம்பூர் திரும்பியதும் மொட்டைமாடிக்குப் போய் சரசை அழைத்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை அலோ சொன்னேன்.

“கேக்குது” என்றாள். பிறகு, “அவ சொல்றது சரிதான். வந்தா நானும் திரும்பிப் போக விட்டிருக்க மாட்டேன்” என்றாள். கொஞ்சம் கழித்து, “பூவ அங்கேயே குடுத்துடுங்க. நிழல்ல காய வைக்கச் சொல்லுங்க. வெயில்ல போட்டா நிறம் போயிடும். சம்பந்தியம்மாவுக்குப் பக்குவம் தெரியுமான்னு கேளுங்க” என்றாள். இரண்டாம் முறையும் நிதானமாகச் சொன்னேன், அவள் வரவில்லை, குழந்தை பிறந்து பயணம் செய்கிற பக்குவம் வந்ததும் மூன்று பேருமாக வருவார்கள் என்று. சரி, சரி என்றாள்.

நான் கிளம்பும்போது மாலினி பேருந்து நிறுத்தம் வரை வந்தாள். நீலப் பெட்டியை எனக்கே கொடுத்துவிட்டார்கள். சம்பந்தியம்மாள் அதை ஊறுகாயாலும் முறுக்காலும் நிரப்பியிருந்தார். பேருந்து நகர்ந்தபோது மாலினி கையசைத்தாள், கை நிறைய வளையல். அந்தப் பேருந்தில் நான் தூங்கவில்லை.

பினாங்கு விமான நிலையத்துக்கு சரஸ் வந்திருந்தாள். மருத்துவமனைக்குப் போக வேண்டாத நாள் என்பதால் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் காரில் கொண்டுவந்திருந்தார். மாலினி வாங்கித்தந்த புடவையைக் கட்டி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். பெட்டி புதிதாக இருக்கிறதே என்றாள். எனக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு திறந்தது. சரஸ் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். ஒரு சீனக் குடும்பம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது. கதவு மூடி, மறுபடி திறந்தது. மறுபடி எட்டிப் பார்த்தாள்.

“போலாமா சரஸ்?” என்றேன்.

“இருங்க. இன்னும் ஆளுங்க வந்துகிட்டுத்தானே இருக்காங்க.”

நான் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, கதவைப் பார்க்கத் தொடங்கினேன்.